மாட்டார்: ஒரு வினைமுற்றும் மூன்று பொருளும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டை கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 1974இல் அமெரிக்காவில் உருவாக்கி வெளியிட்டனர். பகடை, தாள், விதிநூல் ஆகியவை இருந்தால் போதும். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் முடிவெடுத்தும் ஆடுவர். ஒவ்வொரு பாத்திரமும் ஒரு ‘வகுப்பை’ச் சேர்ந்தது. முதற்பதிப்பில் போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என மூன்றே வகுப்புகள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பன்னிரண்டு. அவ்வகுப்புகளின் விவரணைக்கு எவ்வாறு பொருள்கொள்வது என்பதைப் பற்றியதே இப்பதிவு. மொழியியல் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

அப்பன்னிரண்டில் ஒன்று ‘ட்ரூயிட்’. இயற்கையை வழிபடும் வனத்துறவி எனலாம். இவ்வகுப்பினர் உலோகக் கவசமோ கேடயமோ அணியமாட்டார் என்று 2014ஆம் ஆண்டுக் கையேட்டில் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு உண்டு. அணிந்தால் என்ன ஆகும்? பயிற்சியில்லாத கவசத்தை அணிந்தவர் மந்திரம் ஓதவியலாது என்று வேறோரிடத்தில் விளைவைத் தெளிவாகக் கூறும் அதே நூல், இங்கே விளைவு எதையும் கூறவில்லை. எனவே இக்குறிப்பை மூவகையாக வாசிக்கலாம்: அணிய இயலாது என்னும் இயலாமை, அணியக்கூடாது என்னும் விலக்கு, அணிய விரும்பார் என்னும் இயல்பு. வினா ஓயாததால் விளையாட்டின் ஆசிரியர்களே விடையளித்தனர். அணிந்தால் துறவி வெடித்துவிடுவார் என்று முதலில் வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, பின்னர் சைவ உணவினரை எடுத்துக்காட்டினர்: அவர்களால் இறைச்சி உண்ண இயலும், உண்பதில்லை என்பது அவர்கள் தேர்வு. 2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் அத்தடையே நீங்கிவிட்டது.

திருச்சானூரில் நாங்கள் ஐவர் ஞாயிறுதோறும் இதனை ஆடுகிறோம். கையில் இருப்பது 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. மேசையின் மொழியோ தமிழும் தெலுங்கும் கலந்தது. ஒருமுறை தோழி ஒருத்தியின் வனத்துறவி, வீழ்ந்த காவலன் ஒருவனின் இரும்புக் கேடயத்தை எடுத்து, அம்புகளுக்கு எதிரே நின்ற சிறுவனை மறைக்க முனைந்தாள். கதை நடத்துபவர் ‘வேசுகோலேரு’ என்றார்; அணிய முடியாது என்பது பொருள். இன்னொருவர் ‘வேசுகோகூடது’ என்று திருத்தினார். அணியக்கூடாது என்பது பொருள். தோழியோ, நூலில் இருப்பது ‘வேசுகோரு’ மட்டுமே என்று வாதிட்டாள். அணியமாட்டார் என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் மயங்கிக் கிடந்த மூன்று பொருளும் மொழிபெயர்த்த கணத்தில் மூன்று வினைகளாகப் பிரிந்து நின்றன. இறுதியில் கேடயத்தை எடுக்கலாம் என்றே முடிவாயிற்று. எடுத்தபின் தன் துறவியர் குழுவுக்கு அவள் என்ன விடை சொல்வாள் என்பது அடுத்த வாரக் கதையாயிற்று.

இச்சிக்கல் நமக்குப் புதியதன்று. தமிழின் வடவெல்லையாக வேங்கடத்தைக் கூறும் பாயிரத்தோடு தொடங்கும் தொல்காப்பியம், அகத்திணை மாந்தரை இத்தகைய வகுப்புகளாகவே அமைக்கிறது: தலைவன், தலைவி, தோழி, பாங்கன், செவிலி. யார், எவரிடம், எச்சூழலில் பேசுவர் என்றும் வரையறுக்கிறது. ஐந்திணைக்குரிய மாந்தர் இயற்பெயர் சுட்டப்பெறார் என்பது அதன் புகழ்பெற்ற விதி. அதுவும் ஓர் எதிர்மறை வினைமுற்றிலேயே முடிகிறது. மீறினால் என்ன என்பதற்கு அங்கேயும் விடையில்லை. விடை தந்தவர்கள் உரையாசிரியர்கள். நெடுநல்வாடையில் பெயர் எதுவும் இல்லை. ஆனால் வேலில் வேப்பந்தார் கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப்பூ. அடையாளமும் பெயர்போன்றதே எனக் கொண்ட நச்சினார்க்கினியர், அப்பாடலைப் புறம் என்று வகுத்தார். பிரிவில் வருந்தும் ஓர் அரசி, ஒரு வேப்பந்தாரால் அகத்திலிருந்து வெளியேறினாள். விதியை எழுதியவரைவிட அதற்கு உரை சொல்பவருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியாது.

‘மாட்டு’ என்னும் துணைவினையின் வரலாறும் கருதத்தக்கது. பழைய வழக்கில் அது ஆற்றலைக் குறித்தது. ‘மாட்டேன்’ என்றால் ‘என்னால் இயலாது’ என்பது பொருள். இன்று அது விருப்பின்மையை நோக்கி நகர்ந்துள்ளது. மேலும் இன்றைய வழக்கில் அது பெரிதும் உயர்திணைக்கே உரியது. பேருந்து ‘வராது’, ஓட்டுநர் ‘வரமாட்டார்’. மறுக்கும் உரிமையை இலக்கணம் மனிதருக்கே ஒதுக்கி வைத்திருக்கிறது.

அவ்வுரிமை எவ்வாறு திருப்பப்படக்கூடும் என்பதே என் கவலை. முனைவர் பட்ட ஆய்வுக்கு நான் வெளியூர் செல்லவிருந்தபோது உறவில் மூத்தவர் ஒருவர், “நம்ம வீட்டுப் பொண்ணுங்க வெளியூர்ல தங்கிப் படிக்கமாட்டாங்க” என்றார். அவர் தடை ஏதும் விதிக்கவில்லை. ‘கூடாது’ என்ற சொல்லே அதில் இல்லை. நாங்கள் யார் என்று விவரித்தார், அவ்வளவே. ‘கூடாது’ என்றால், யார் சொன்னது, ஏன் என்று கேட்கலாம். ‘மாட்டார்கள்’ என்றாலோ தடுப்பவர் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறார். மறுப்பு எங்கள் விருப்பமாகவே மாறிவிடுகிறது. மீறுபவள் விதியை மீறியவளாக மட்டும் நிற்பதில்லை; அவ்வகுப்பைச் சேர்ந்தவளே அல்லள் என்றாகிறாள். சாதியைப் பற்றியும் குடியைப் பற்றியும் நாம் அன்றாடம் கேட்கும் வாக்கியங்கள் பலவும் இவ்வாறு அமைந்தவையே.

ஆகவே வகுப்பு விவரணை எதனை வாசித்தாலும், இது இயலாமையா, விலக்கா, தேர்வா என்று கேட்பதைப் பழக்கமாக்கிக் கொண்டிருக்கிறேன். தேர்வு எனில், தேர்ந்தவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன். அவ்வாண்டே நான் விடுதியில் சேர்ந்தேன். வெடித்துச் சிதறவில்லை.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வட்டார வழக்கில் ‘மாட்டார்’, ‘ஏலாது’, ‘கூடாது’ ஆகியவை எவ்வாறு வேறுபடுகின்றன, எங்கே மயங்குகின்றன? கேட்ட வாக்கியம், சொன்னவரின் வயது, ஊர் ஆகியவற்றோடு எழுதினால் என் ஆய்வுக்குப் பெரிதும் உதவும்.