படகு கட்ட ஓர் இடம்

பெங்களூருக்குத் துறைமுகமும் கிடையாது, பெரிய ஆறும் கிடையாது. இருந்தும் படகு தெரிந்த ஆட்கள் வேண்டுமென்றால் அல்சூர் ஏரிக்கரைக்குப் போகலாம். 1780-இல் தொடங்கிய மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் தலைமையகம் ஏரியை ஒட்டியே இருக்கிறது. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போடுவதும், படகில் ஆட்களை அக்கரை சேர்ப்பதும் அந்தப் படையின் தொழில். ராணுவத்தில் 'தம்பி' என்று அழைக்கப்படும் அவர்கள் துடுப்புப் போட்டுப் பழகிய ஏரி இது. தமிழ்ச் சங்கமும் இதன் கரையருகில்தான். பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையும் பக்கத்தில்தான்.

இங்கே படகுத்துறையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் அவ்வப்போது பேச்சுக் கொடுப்பேன். "ஓட்டுறதுக்கு என்ன சார், யார் வேணா ஓட்டிடுவாங்க. கொண்டாந்து கட்டுறதுலதான் ஆள் தெரியும்" என்பார். காற்று முதுகில் தள்ளும்போது துறைக்கு வராதே. ஒரு சுற்றுச் சுற்றி, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு வா. காற்றே வேகத்தைக் குறைத்துவிடும். எந்தப் பக்கமிருந்து காற்றோ, அந்தப் பக்கத்துக் கயிற்றை முதலில் கட்டு. விளிம்பில் பழைய டயர் தொங்கட்டும். இவ்வளவுதான் அவர் சொன்ன பாடம்.

இதே பாடத்தைப் பிள்ளைப் பருவத்திலேயே கற்கும் நாடு ஒன்று உண்டு. நெதர்லாந்தின் வடக்கே, ஃப்ரீஸ்லாந்தில், ஏரிக்கு ஏரி கால்வாய் ஓடுகிறது. ஸ்னேக், ஸ்லோட்டன் போன்ற சிற்றூர்களின் நடுவே அந்தக் கால்வாய்கள் புகுந்து போகின்றன. திறந்த ஏரியில் காற்றோடு மல்லுக்கட்டிய படகு, ஊருக்குள் நுழைந்ததும் இருபுறமும் வீடுகளின் மறைவில் அமைதியாகிவிடும். சில பாலங்களில் கட்டணம் வாங்க, காவலர் தூண்டில் கோலில் மரச்செருப்பைக் கட்டி இறக்குவார்; படகிலிருந்தபடியே காசைப் போட்டுவிட்டுப் போகலாம். ஊருக்கு வெளியே, ஏரிக்கரைகளில் கட்டணமில்லாமல் படகு கட்டுவதற்கென்றே 1957 முதல் மாரெக்ரீட்டே என்ற பொது அமைப்பு இருக்கிறது. ஓரிடத்தில் மூன்று நாள்வரை தங்கலாம்.

அங்கே படகு ஏரிக்கு ஏரி போவதற்குக் காரணம் நிலம். கடல்மட்டத்தை ஒட்டிய தட்டைப் பூமியில் ஏரியும் கால்வாயும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கின்றன. பெங்களூர் 900 மீட்டர் உயரத்து மேட்டுநிலம். இங்கேயும் ஏரிகளுக்கு இணைப்பு உண்டு, ராஜகாலுவே என்பார்கள். ஆனால் அது படிக்கட்டுபோல இறங்குகிற இணைப்பு. மேல் ஏரி நிரம்பி வழிந்தால் கீழ் ஏரிக்குத் தண்ணீர். அல்சூரின் மிச்சம் பெல்லந்தூர் போய், வர்த்தூர் தாண்டி, தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையைக் கடந்து, கடலூரில் வங்கக்கடலைத் தொடும் வழி இருக்கிறது. தண்ணீர் தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்துவிடும். படகோ கிளம்பிய துறைக்கே திரும்ப வேண்டியதுதான். அதனால்தான் இந்த ஏரிகளின் மீனவர்களுக்குப் பரிசல் வசதி. அதற்குத் துறையும் வேண்டாம், முளையும் வேண்டாம். தலையில் தூக்கிப்போய்க் கரையில் கவிழ்த்துவிடலாம்.

ஆக, நம் கால்வாயில் படகு போகாதது குறையில்லை. தண்ணீரே போகமுடியாமல் செய்ததுதான் குறை. காலுவேயை மூடி மேலே சாலை, ஒதுக்கி நெருக்கி லேஅவுட், மிஞ்சிய பள்ளத்தில் சாக்கடை. 2022 செப்டம்பர் மழையில் அதற்குக் கணக்குத் தீர்ந்தது. பெல்லந்தூர், யெமலூர்ப் பக்கம் கோடிகள் கொடுத்து வாங்கிய வில்லாக்களிலிருந்து ஆட்களை டிராக்டரிலும் ரப்பர் படகிலும் ஏற்றி வந்தார்கள். வெளிவட்டச் சாலையில் கம்பெனிக்குப் போகிறவர்களும் டிராக்டர் ஏறினார்கள். கால்வாயில் படகே போகாத ஊரில், வீட்டு வாசல் படகுத்துறையானது.

ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள் தண்ணீருக்கு வழியை விட்டு, அதன் ஓரத்தில் வீட்டைக் கட்டினார்கள். ஏரிகளைப் படிப்படியாக வெட்டி இணைத்த நம் முன்னோரும் அந்த அறிவு உள்ளவர்கள்தான். விட்டுப்போனது நம் தலைமுறையில்.

பெங்களூரில் மனை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். மெட்ரோ எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று விசாரிக்கிறோம். பழைய கிராம வரைபடத்தையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள்; காலுவே எங்கே ஓடியது என்று அதில் கோடு போட்டிருக்கும். அட்வான்ஸ் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.