இடிக்கப்படாத மாளிகை

சென்ற விடுமுறையிலே நாம் இங்கிலாந்தில் உறவினர் இல்லமொன்றில் தங்கியிருந்தபொழுது, ஊரிலிருந்து தம்பியின் கடிதம் வந்தது. "அண்ணா, அப்பு கட்டிய நாற்சார் வீட்டை இடித்துவிட்டு மாடிவீடு கட்டுவோம், உங்கள் சம்மதம் வேண்டும்" என்பது அதன் சாரம். மறுமொழி எழுத மனம் துணியவில்லை. கடிதத்தைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு, டேர்பிஷயர் பகுதியிலுள்ள ஹாடன் மாளிகையைக் காணச் சென்றோம்.

வை என்னும் சிற்றாற்றின் கரையிலே, மேட்டு நிலத்தில் நிற்கிறது அம்மாளிகை. ஒரே சிற்பி ஒரே காலத்தில் வகுத்ததன்று அது. 12ஆம் நூற்றாண்டு தொட்டு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, வெர்னன் குடும்பத்தாரும் அவர்க்குப்பின் மானர்ஸ் குடும்பத்தாரும் சிறிது சிறிதாக வளர்த்தது. வாயிலின் படிக்கல் எண்ணற்ற காலடிகள் பட்டுக் கிண்ணம்போற் குழிந்திருக்கிறது. இரண்டு முற்றங்களுக்கு நடுவே 14ஆம் நூற்றாண்டுப் பெருமண்டபம். அதனையடுத்த அடுக்களையிலே, இறைச்சி வெட்டிய மரக்கட்டைகள் தேய்ந்து பள்ளமாகிக் கிடக்கின்றன. மேலே, ஏறத்தாழ 110 அடி நீளமான நெடுங்கூடம். அதன் சாளரங்களிலுள்ள சிறு கண்ணாடித் துண்டுகள் ஒரே தளமாக அமையாது, புடைத்தும் சாய்ந்தும் பதிந்திருக்கின்றன. வெயில் படுந்தோறும் ஒவ்வொன்றும் வெவ்வேறாக மின்னுகின்றது.

இவையெல்லாம் எவ்வாறு பிழைத்தன? 1703ஆம் ஆண்டிலே மானர்ஸ் குடும்பத் தலைவர் ரட்லண்ட் கோமகன் என்னும் பட்டம் பெற்றார். குடும்பத்தார் பெல்வோர்க் கோட்டையையே தம் உறைவிடமாகக் கொண்டனர். ஹாடனில் இருநூறு ஆண்டுகள்வரை குடியிருப்பார் இல்லை. அருகிலுள்ள சாட்ஸ்வர்த் மாளிகையையோ அதன் உடையவர் 1687ஆம் ஆண்டு தொடங்கிப் படிப்படியாகப் புதிதாக்கினார். அதுவும் அழகியதே, ஆயினும் அங்கிருந்த பழைய மாளிகையை இனிக் காண்பதற்கில்லை. ஹாடனை மாற்றியமைக்க எவரும் முற்படாமையே அதனைக் காத்தது.

எனினும், கைவிடுதல் ஒன்றே காவல் ஆகிவிடாது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, பின்னர் ஒன்பதாம் கோமகனாக வந்தவர் இம்மாளிகையைச் செப்பனிடுவதையே தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். சமயச் சீர்திருத்தக் காலத்திலே சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்ட 15ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் அப்பொழுது கோயிற் சுவரிலே மீண்டும் வெளிப்பட்டன. அவ்வோவியங்களின் முன்னே நாம் நெடுநேரம் நின்றோம். பூசியவர் சுவரை இடித்திருப்பின், பின்வந்தவர் எதனைச் சுரண்டிக் கண்டிருப்பார்?

எமது பாட்டனார் கோமகனல்லர், புகையிலைத் தோட்டக்காரர். நாற்சார் வீட்டிலே ஓவியமும் இல்லை. ஆயினும் நடுமுற்றத்து மழையும், ஆச்சி நெல்லுக் குற்றிய உரலடிப் பள்ளமும் அங்கே உள்ளன. தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு. மழைக்கு ஒழுகுகின்ற வீட்டிலே பிள்ளைகளோடு இருப்பவன் அவனே, நாமல்லோம்.

அன்றிரவு மறுமொழி எழுதினோம்: "தம்பி, ஓட்டைப் பிரித்து, உளுத்த மரங்களை மாற்று. அதற்குரிய செலவிற் பாதி எம்முடையது. பிள்ளைகளுக்கு அறை வேண்டுமாயின் பின்வளவிலே கட்டு. முற்றத்தை மட்டும் இடிக்காதே."

அவனுடைய பதில் இன்னும் வரவில்லை.