ஸ்கூடாயில் ஒரு மதியம்

ஜொகூர் பாருவை நெருங்க நெருங்க, என் கார் வானொலியில் சிங்கப்பூரின் ஒலி 96.8 தெளிவாகக் கேட்கும். கோலாலம்பூர் அறிவிப்பாளரான எனக்கு, தெற்கே வந்துவிட்டோம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

போன மாதம் ஸ்கூடாயில் இருக்கும் சித்தி மகளைப் பார்க்கப் போயிருந்தேன். உயிரிமருத்துவத் துறையில் முனைவர் பட்டம் முடித்து ஆறு மாதமாகிறது. "அடுத்து போஸ்ட்-டாக்" என்று சொன்னால், "இன்னுமா படிப்பு?" என்கிறார்களாம் உறவினர்கள்.

அது படிப்பில்லை, வேலை. மூத்த ஆய்வாளர் ஒருவரின் குழுவில் ஓரிரு வருட ஒப்பந்தம். சம்பளம் உண்டு, நிரந்தரம் இல்லை.

மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றிக் காட்டினாள். ஆயிரம் ஹெக்டருக்கும் மேல் பரப்பு. இங்குள்ள 'ஆம்டெக்' மையம், சவ்வுத் தொழில்நுட்பத்தில் பெயர் பெற்றது. ரத்தச் சுத்திகரிப்புக்கான சவ்வுகளையும் அங்கே ஆராய்கிறார்கள். முடி போன்ற மெல்லிய குழல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துதான் ஒரு டயாலிசிஸ் வடிகட்டி.

அவள் அதை விளக்கியபோது குரல் சற்றுத் தாழ்ந்தது. கூலாய் தோட்டத்தில் பால்மரம் சீவி அவளைப் படிக்க வைத்த சித்தப்பாவுக்கு, இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ்.

வளாகத்துக்கு வெளியே தே தாரிக் குடித்தபடி கணக்குப் போட்டோம். இஸ்கண்டார் புத்ரியில் 2011 முதல் நியூகாசல் மருத்துவப் பல்கலைக்கழகக் கிளை இருக்கிறது. இயற்கை அறிவியல் படித்தவர்களுக்கு சுங்கை பூலாய், தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப் சதுப்புநிலக் காடுகள் இருக்கின்றன. 2003-இல் மூன்றும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரின் பயோபோலிஸ். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் பணம் மூன்று வெள்ளிக்கு மேல். ஆனால் விடியுமுன் எழுந்து பாலத்தில் வரிசை பிடிக்க வேண்டும். அப்பாவை யார் டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது?

"விளம்பரம் வரட்டும்னு காத்திருக்கக் கூடாதுக்கா. ஆய்வாளர் அண்மையில எழுதின கட்டுரைகளைப் படிச்சிட்டு, நம்மால என்ன செய்ய முடியும்னு நேரா அவருக்கே எழுதணும். ஒப்பந்தம் நீளுமா, சேமநிதி உண்டா, மருத்துவச் செலவு யார் பொறுப்பு, எல்லாத்தையும் கையெழுத்துப் போடும் முன்னாடியே கேட்டுடணும்."

முனைவர் பட்டம் முடிக்கப் போகும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

"நீ எங்கே எழுதினே?"

"ரெண்டு பக்கமும். எது முதல்ல கூப்பிட்டாலும் அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். தினமும் முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் தயங்காமல் பேசுகிறவள் நான். சித்தப்பாவிடம் என்ன பேசுவதென்று, திரும்பும் வழியெல்லாம் வானொலியை அணைத்துவிட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.