பக்கத்து விலா

"இத்தனூண்டு கட்டிக்கு மூணு எலும்பை எடுக்கணுமா டாக்டர்?" லாப்ரடாரின் கழுத்தைத் தடவிக்கொண்டே அந்த அம்மா கேட்டார். சிடி ஸ்கேன் படத்தைக் காட்டினேன். வெளியே தொட்டால் எலுமிச்சம்பழம். உள்ளே நுரையீரலை அழுத்திக்கொண்டு ஒரு மாங்காய்.

நாய்க்கு ஒரு பக்கத்துக்கு 13 விலா. அங்கே வரும் கட்டி பெரும்பாலும் புற்றாகவே இருக்கும்: எலும்புப் புற்று, அடுத்தபடி குருத்தெலும்புப் புற்று. கட்டி பிடித்த விலாவோடு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மேலும் கீழும் 3 செ.மீ. நல்ல எலும்பு என்று சேர்த்தே எடுக்க வேண்டும். படித்தபோதே தெரிந்ததுதான். ஆனாலும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நாட்டு நாய்க்கு, பளிச்சென்று இருந்த பக்கத்து விலாவை வெட்ட மனசு வரவில்லை. சில மாதங்களில் தழும்போரத்திலேயே கட்டி திரும்பியது. அந்த விலாவை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒவ்வொரு விலாவின் பின்விளிம்பை ஒட்டியும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும். அதனால் கத்தியை அடுத்த விலாவின் முன்விளிம்போடு ஒட்டியே கொண்டுபோவேன். உள்சவ்வு தெரிந்ததும் கை நின்றுவிடும். மயக்க மருந்து கொடுப்பவரிடம், "மூச்சு உங்ககிட்ட வந்துடுச்சா?" என்று கேட்பேன். பதில் வராமல் திறக்க மாட்டேன். திறந்ததும் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். பிறகு நாய் எவ்வளவு இழுத்தாலும் அது விரியாது. பையை அழுத்தும் கைதான் அதற்கு மூச்சு.

முதலில் உள்ளே போவது என் விரல். கட்டியின் ஓரம் எங்கே முடிகிறது, நுரையீரலோடு ஒட்டியிருக்கிறதா, இதய உறையைத் தொடுகிறதா என்று விரல் சுற்றி வந்து சொன்ன பிறகே எலும்புவெட்டியை எடுப்பேன். லாப்ரடாருக்கு அன்று எதிலும் ஒட்டவில்லை.

மூன்று விலா போன இடத்தில் மெஷ் வலை வைத்துத் தைத்தேன். கயிற்றுக் கட்டில் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். தொய்ந்தால் மூச்சு இழுக்கும்போதெல்லாம் உள்ளே குழியும். அதன்மேல் முதுகுப் பக்கத்துத் தசையைத் திருப்பிப் போர்த்தினேன். மூடுவதற்கு முன்பே நெஞ்சுக்குள் வெதுவெதுப்பான சலைன் ஊற்றி, நுரையீரலை ஊதச் சொல்லிப் பார்த்திருந்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. நெஞ்சில் வைத்த குழாய் வழியாக மிச்சக் காற்றை உறிஞ்சியெடுத்தோம்.

ஆய்வு முடிவு குருத்தெலும்புப் புற்று என்று வந்தது. வெட்டிய விளிம்புகளில் நோய் இல்லை. எலும்புப் புற்றாக இருந்திருந்தால், கீமோ கொடுத்தும் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் பேச வேண்டியிருக்கும்.

தையல் பிரிக்க வந்த அன்று அந்த அம்மாவின் உள்ளங்கையை எலும்பில்லாத இடத்தில் வைத்தேன். பயந்து இழுத்துக்கொண்டார். பிறகு தானாகவே வைத்தார். கைக்குக் கீழே அந்த இடம் மெதுவாக ஏறி இறங்கியது.