தம்பலகாமத்து வயலில் வெள்ளைக் கதிர்

திருகோணமலையிலிருந்து கந்தளாய் பஸ்ஸில் ஏறினால், துறைமுகக் கடல் பின்னுக்குப் போய்த் தம்பலகாமத்து வயல்கள் வந்துவிடும். குளக்கோட்டன் கட்டியதென்று நம்மவர் சொல்லும் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர்தான் இந்த வயல்களுக்கு உயிர். அதே குளம் 1986 ஏப்ரல் 20 இல் உடைத்துக்கொண்டு உயிர்களை வாரிக்கொண்டு போனதைப் பழையவர்கள் இன்றும் கதைப்பார்கள்.

நான் போனது ஆடி மாதம். சிறுபோக வேளாண்மை கதிர் தள்ளியிருந்தது. யுத்தத்தில் கணவரை இழந்த ஓர் அக்கா அங்கே ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறார்.

"இஞ்ச பாருங்கோ தங்கச்சி" என்று வரம்பில் நின்று காட்டினார். மற்றக் கதிர்கள் பால் பிடித்துத் தலை சாய்ந்திருக்க, அங்கங்கே சில மட்டும் வெளுத்து விறைத்து நின்றன. ஒன்றை இழுத்தார், இலேசாகக் கையோடு வந்துவிட்டது. மிச்சத் தண்டை அடியில் வெட்டிப் பிளந்தோம். உள்ளே மங்கல் மஞ்சளாய் ஒரு புழு.

தோட்டை அடகு வைத்து மருந்துப் போத்தல் வாங்கி வைத்திருந்தார். "அடிச்சால் கதிர் திரும்பும்" என்று கடையில் சொன்னார்களாம். எனக்கு நெஞ்சு எரிந்தது. தண்டு உள்ளே அறுந்த பிறகு மணிக்குப் பால் எப்படிப் போகும்? வெளுத்த கதிர் எந்த மருந்துக்கும் திரும்பாது.

இது மஞ்சள் தண்டு துளைப்பானின் வேலை. பெண் அந்துப்பூச்சியின் இரு முன்சிறகிலும் ஒவ்வொரு கரும்புள்ளி இருக்கும். இலை நுனிப் பக்கமாகக் கும்பலாக முட்டையிட்டு, தன் வாற்பக்கத்து மயிரால் மூடிவிடும். கிட்டத்தட்ட ஒரு கிழமையில் புழு வந்து தண்டுக்குள் புகுந்துவிடும். பிறகு மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடுவது கடினம். பயிர் மட்டம் வெடிக்கும் காலத்தில் நடுக்குருத்து செத்தாலும் புது மட்டம் வந்து ஈடுசெய்யும். கதிர் வந்தபின் அந்த வழி இல்லை.

அக்காவிடம் இன்னொரு போத்தலும் இருந்தது, வெறும் ஜாம் போத்தல். பயிர் இளசாயிருந்தபோது, விவசாயப் போதனாசிரியர் சொன்னபடி, முட்டைக் கும்பல் உள்ள இலைத்துண்டுகளை அதில் போட்டு வாயைச் சீலையால் கட்டி வைத்திருந்தார். "புழுவும் வந்தது. எறும்பிலும் சின்னனாய்க் குளவியும் வந்தது" என்றார். அந்தக் குளவி அந்துப்பூச்சியின் முட்டையிலேயே தன் முட்டையை இடும். அதன் ஒரு வகைக் குஞ்சு ஒரு முட்டையோடு நிற்காமல் பக்கத்து முட்டைகளையும் தின்னும். நீண்ட மீசை வெட்டுக்கிளியும் முட்டைக் கும்பலைத் தின்னும். சிலந்தியும் தும்பியும் அந்துப்பூச்சியைப் பிடிக்கும். பயிர் இளசிலேயே பயந்து மருந்தடித்தால் முதலில் சாவது இந்தச் சீவன்கள்தான். அதன் பின்னால் கபிலநிறத் தத்தி பெருகுவதும் உண்டு.

மருந்தே கூடாதென்று நான் சொல்லவில்லை. 2021 இல் உரமும் மருந்தும் திடீரென நிறுத்தப்பட்டபோது ஏழைகள் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

அறுவடைக்குப் பின் அடிக்கட்டைக்குள் புழு மிஞ்சியிருக்கும். கெதியாய் உழுது தண்ணீர் கட்டவேண்டும். அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஒரே காலத்தில் விதைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி வயலுக்கு வயல் மாறிக்கொண்டேயிருக்கும். விதைப்புக் காலத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு அக்கா போனதேயில்லை. "குத்தகைக்காரி நான் அங்க என்னத்தைக் கதைக்கிறது?" என்றார். மாரிப்போகக் கூட்டத்துக்கு இருவருமாகப் போவதென்று பேசிக்கொண்டோம்.

பஸ்ஸுக்கு நான் வெளிக்கிட, அவரும் மூடி திறக்காத மருந்துப் போத்தலைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

"கடையில் திருப்பி எடுப்பாங்களோ தெரியாது. கேட்டுப் பாப்பம்."