வடபுலத்து இரு பகைவர்

போர்க்களம் ஒன்றையும் கண்டறியாத யான் சென்ற கல்வியாண்டில் ஏறக்குறைய நான்கு திங்கள் இரண்டு அரசுகளுக்குப் படையும் கப்பலும் பொருளும் வகுத்துக்கொடுக்கும் தொழிலில் ஈடுபட்டிருந்தேன். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாடநூல்களை ஒருபுறம் வைத்துவிட்டு ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் கணக்கெழுதிய கதையை இம்மலரின் அன்பர்கள் பொறுமையுடன் கேட்டருள்வார்களென நம்புகின்றேன்.

விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையில் வரலாற்று வகுப்பு மூத்த மாணவர் ஒருவர் உறைகின்றார். அவரை யாவரும் அண்ணன் என்றே அழைப்பது வழக்கம். நெப்போலியன் காலத்து ஐரோப்பாவை ஓர் ஆட்டமாக அமைத்துவிட வேண்டுமென்பது அவரது நெடுநாள் அவா. இத்தகைய ஆட்டங்கள் கணிப்பொறியில் பல உள. எனினும் எதிரே இருப்பவன் முகத்தைப் பாராமல் ஆடும் ஆட்டம் ஆட்டமன்று என்பது அவர் கொள்கை. ஆகவே நான்கு பெரிய அட்டைகளை ஒட்டி அவற்றின்மேல் ஐரோப்பாவின் படத்தை வரைந்தார். புளியங்கொட்டை ஒரு படைப்பிரிவு. சோழி ஒரு போர்க்கப்பல். உடைந்த ஓட்டுத்துண்டு ஒரு கோட்டை. 1800-ஆம் ஆண்டில் தொடங்கி 1815-இல் முடியும் ஆட்டத்தில் ஆண்டொன்றுக்கு மூன்று சுற்று; அவற்றுள் ஒன்று பனிக்காலச் சுற்று. பிரான்சு, இங்கிலாந்து, ருஷியா, ஆஸ்திரியா என்னும் பேரரசுகளின் விதிகளைத் தாமே எழுதிக்கொண்டு, "தம்பி, வடக்கே கொஞ்சம் இடம் வெறுமையாய்க் கிடக்கிறது, அதை நீ நிரப்பிவிடு" என்றார்.

யான் ஒரே மாலையில் நிரப்பிவிட்டேன். ஸ்வீடனுக்குப் பன்னிரண்டு புளியங்கொட்டையும் ஆறு சோழியும். டென்மார்க்குக்கு எட்டுப் புளியங்கொட்டையும் பத்துச் சோழியும். ஒன்று நிலத்தில் வலிது, மற்றொன்று நீரில் வலிது, இரண்டும் நிகர். இதனினும் செம்மையான பகையை யார் அமைக்க வல்லார் என்று உள்ளூரப் பெருமையும் கொண்டேன். அண்ணன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ ஒரே நாட்டை இரண்டு நிறத்தில் எழுதியிருக்கிறாய்" என்று கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவே. அன்றிரவு எனக்கு உணவு செல்லவில்லை. மறுநாள் தொடங்கி நூல்நிலையத்தில் ஐரோப்பிய வரலாற்று அலமாரியின் பக்கம் என் தலை காணப்படலாயிற்று.

படிக்கப் படிக்க ஒன்று விளங்கிற்று. டென்மார்க்கு நிலத்தாலாய நாடன்று. நீரினால் கோக்கப்பட்ட நாடு. ஜட்லாந்து என்னும் தீபகற்பம், கோபன்ஹேகன் நகரம் அமைந்த ஜீலந்துத் தீவு, கடலுக்கப்பால் நார்வே, அதற்கும் அப்பால் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, மேற்கிந்தியத் தீவுகள் மூன்று, நம் இந்தியக் கரையில் இரண்டொரு துறைகள் ஆகிய இத்துணையையும் ஒரு முடியின்கீழ்ச் சேர்த்துக் கட்டிய நூல் அதன் கப்பற்படையேயாகும். நூல் அறுந்தால் மணிகள் சிதறும். அன்றியும், பால்டிக் கடலுக்குள் நுழையும் குறுகிய வாயிலில் எல்சினோர் என்னுமிடத்தில் நின்றுகொண்டு, போகும் கப்பல்களிடமெல்லாம் சுங்கம் வாங்கியே அவ்வரசு செழித்தது. 1857-ஆம் ஆண்டுவரை அச்சுங்கம் நடந்தது. ஆகவே டென்மார்க்கிற்குப் படையைக் குறைத்து, எதிர்க்கரையை நோக்கிச் செல்லும் ஒவ்வொரு சோழிக்கும் ஒரு காசு வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தேன். சோழிகள் அனைத்தும் இழக்கப்படின் கடல் கடந்த பகுதிகளிலிருந்து ஒரு காசும் வாராது என்றும் எழுதினேன்.

ஸ்வீடனோ வேறு வகையினது. அன்று பின்லாந்தும் அதற்குரியது. இடையே பாத்னியாக் குடா. இரு கரையும் ஒரே அரசு. அதன் பகை கடலன்று, பனி. கடல் கல்லாய் இறுகுவதை நம் நாட்டார் கண்டதில்லையாதலின், இதனை யான் முதலில் நம்பவேயில்லை. 1658-ஆம் ஆண்டில் ஸ்வீடன் அரசன் பத்தாம் சார்லசு உறைந்த கடலின்மேல் தன் சேனையை நடத்திச்சென்று டென்மார்க்கை அடிபணியச் செய்தான். 1809-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ருஷியர் அதே வித்தையை ஸ்வீடன்மீதே காட்டினர். அவர்தம் காலாட்படை உறைந்த குடாவைக் கடந்து அக்கரை சேர்ந்தது. என் விதிகளுள் அண்ணன் ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டது இதுவொன்றே: பனிக்காலச் சுற்றில் வடகடல்களில் சோழி அசையாது, புளியங்கொட்டை கடலின்மேல் நடக்கும்.

நிற்க. இவ்விரு நாடுகளின் பகை நூற்றாண்டுகள் பழையது. ஆயின் மொழியோ ஒன்றுக்கொன்று உடன்பிறந்தது. இருவரும் லுத்தர் வழியினர். வேதபுத்தகத்தை ஏறக்குறைய ஒரே ஓசையில் வாசிப்பவர். உறவினர் பகை எவ்வளவு ஆழமுடையதென்பதற்கு வேறு சான்று வேண்டா. 1807-ஆம் ஆண்டில் நெப்போலியனும் ருஷியச் சக்கரவர்த்தியும் டில்சிட்டில் உடன்படிக்கை செய்துகொண்டபின், டேனியக் கப்பற்படை பிரஞ்சுக்காரர் கையிற் சிக்கிவிடுமோ என்று ஆங்கிலேயர் அஞ்சினர். நடுநிலை நின்ற நாட்டின் தலைநகர்மீது செப்டம்பர் 2-ஆம் நாள் முதல் 5-ஆம் நாள்வரை குண்டுமாரி பொழிந்தனர். கன்னிமரியின் பெயரால் விளங்கிய பெருங்கோயில் எரிந்தது. படைக்கப்பல்கள் பறிபோயின. நூல் அறுந்தது. டென்மார்க்கு நெப்போலியன் பக்கம் சாய்ந்தது. ஸ்வீடன் ஆங்கிலேயர் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டே இரண்டிற்கும் போர் மூண்டது. அதே ஆண்டில் ருஷியர் பின்லாந்தினுள் நுழைந்தனர். 1809 செப்டம்பரில் ஸ்வீடன் தன் நாட்டின் மூன்றிலொரு பகுதியை எழுதிக்கொடுத்துவிட்டு எழுந்தது. அரசன் நான்காம் கஸ்தாவ் அதற்கு முன்னரே தன் படைத்தலைவராலேயே அரியணையினின்றும் இறக்கப்பட்டிருந்தான்.

பின்னர் நிகழ்ந்ததை ஆட்டத்திற் புகுத்தியபோது அண்ணனே நகைத்தார். புதிய அரசர் பிள்ளையில்லாதவர். இளவரசராகத் தெரிந்தெடுக்கப்பட்டவரும் 1810-இல் திடுமென இறந்துபடவே, ஸ்வீடிஷ் மக்கள் தங்கள் அரியணைக்குத் தேடிப்பிடித்தவர் யார்? நெப்போலியனுடைய சேனாபதிகளுள் ஒருவராகிய பெர்னதோத்து! இவரே 1808-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் பிரஞ்சுச் சேனையையும் ஸ்பானியச் சேனையையும் வைத்துக்கொண்டு ஸ்வீடன்மீது படையெடுக்கக் காத்திருந்தவர். ஸ்வீடிஷ் மொழி ஒரு சொல்லும் அறியாதவர். இறுதிவரை அதனைச் செவ்வையாகக் கற்றவருமல்லர். "வாரிசுச் சீட்டு" என்றொரு சீட்டு எழுதி, அதனை எடுக்கும் ஸ்வீடன் தன் பகைவரின் தளபதிகளுள் ஒருவனைத் தன் இளவரசனாக்கிக்கொள்ளலாம் என்று விதித்தேன். கதையில் இப்படி எழுதினால் எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் அடித்துவிடுவார் என்றார் அண்ணன். அந்தப் பெர்னதோத்தின் வழியினரே இன்றும் ஸ்வீடனில் முடிசூடியிருக்கின்றனர்.

விதிகள் நிறைவெய்தவே, ஒரு சனிக்கிழமை மாலை ஆடிப்பார்க்க அமர்ந்தோம். யான் டென்மார்க்கு, அண்ணன் ஸ்வீடன், கணித வகுப்புத் தோழன் ஒருவன் இங்கிலாந்து. முதற் சுற்றுகளிலேயே தோழனுடைய சோழிகள் கோபன்ஹேகனைச் சூழ்ந்தன. என் கப்பல் ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ள யாதேனும் ஒரு துறையைக் கொடு என்றான். படத்தின் அடிவிளிம்பில் கடல் கடந்த துறைகளுக்கெனச் சிறு கட்டங்கள் வரைந்திருந்தோம். அவற்றுள் மதிப்பெண் குறைந்த ஒன்றைக் கண் நிமிர்த்திப் பாராமலே விரலால் அவன் பக்கம் தள்ளினேன். பின்னரொரு சுற்றில் பணம் வற்றிப்போகவே, நார்வேயையும் அண்ணனிடம் தள்ளிவிட்டேன். "மிகவும் மலிவாகக் கொடுத்தாய்" என்று மகிழ்ந்தார் அவர். ஆட்டம் முடிந்து காய்களை எண்ணும்போது தோழன் அச்சிறு கட்டத்தை உயர்த்திப் பிடித்து, "இஃது உங்கள் ஊரன்றோ?" என்றான். யான் முதற் சுற்றிலேயே கொடுத்தது தரங்கம்பாடி.

என் தாய்வழிப் பாட்டனார் அவ்வூர்ச் சபையில் உபதேசியாராய் ஊழியஞ்செய்தவர். 1706-ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய கரை அது. அவர் 1718-இல் எழுப்பிய எருசலேம் கோயிலின் முகப்பிலே அவரை அனுப்பிய டேனிய அரசரின் எழுத்துச்சின்னம் பொறிக்கப்பட்டிருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறைதோறும் அதனை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன் யான். அக்கட்டத்திற்கு "மதிப்பு 1" என்று எழுதியதும் என் கையே. நெப்போலியப் போர்களில் அவ்வூரார் செய்தது யாதொன்றுமில்லை. எனினும் வடகடலில் நிகழ்ந்த சண்டைக்காக 1801-ஆம் ஆண்டிலும் மீண்டும் 1808-ஆம் ஆண்டிலும் ஆங்கிலேயர் அதனைக் கைக்கொண்டனர். இரண்டாமுறை ஏழாண்டுக்கும் மேலாக வைத்திருந்து 1815-இல் திருப்பிக்கொடுத்தனர். கொடி இறங்கியபோதும் ஏறியபோதும் கரையில் வலை உலர்த்தியிருந்தவர்களை ஒருவரும் கேட்டிரார்.

அவ்வெண்ணம் தோன்றியபின் நார்வேயை மறுபடியும் படித்தேன். நார்வே டென்மார்க்கினின்று வரும் தானியத்தை நம்பியிருந்த நாடு. 1807-க்குப்பின் ஆங்கிலக் கப்பல்கள் வழியடைக்கவே பஞ்சம் புகுந்தது. மரப்பட்டையை இடித்து மாவிற் கலந்து ரொட்டி சுட்டுத் தின்றனர். இப்சன் 1862-இல் இயற்றிய "தெர்யே வீகென்" என்னும் பாட்டு இக்காலத்தைப் பற்றியதே: மனைவிக்கும் குழந்தைக்குமாகச் சிறு படகில் டென்மார்க்குவரை துடுப்பு வலித்துச் சென்று வாற்கோதுமை கொண்டு திரும்பும் ஒருவன், தன் வீட்டை அணுகும் வேளையில் ஆங்கிலக் கப்பலிற் சிக்குகின்றான், போர் முடிந்து சிறையினின்று மீண்டபோது வீட்டில் ஒருவருமில்லை. மொழிபெயர்ப்பில் அதனைப் படித்த இரவு விளக்கை அணைத்தபின்னும் துயில் வரவில்லை.

1814-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் கீல் நகரில் டென்மார்க்கு நார்வேயை ஸ்வீடனுக்கு எழுதிக்கொடுத்தது, யான் விரலால் தள்ளியது போன்றே. பின்லாந்தை இழந்த ஸ்வீடனுக்கு அஃது ஈடு. ஆயின் நார்வேயர் தள்ளியவாறு நகரும் காய்களாயிருக்கவில்லை. எய்ட்ஸ்வோல் என்னுமிடத்தில் 112 பேர் கூடினர். மே 17-ஆம் நாள் தமக்கென ஓர் அரசியற் சட்டம் முடித்தனர். அங்கே ஆட்சித்தலைவராயிருந்த டேனிய இளவரசர் கிறிஸ்தியான் பிரடெரிக்கைத் தம் அரசராகத் தெரிந்தெடுத்தனர். பெர்னதோத்து படையுடன் வந்தார். மூன்று கிழமைக்குள் போர் ஓய்ந்தது. இளவரசர் முடிதுறக்க நேர்ந்தது. எனினும் அச்சட்டம் நிலைத்தது. தம் சட்டத்துடனேயே நார்வேயர் ஸ்வீடன் அரசருக்கு உடன்பட்டு, 1905-இல் பிரிந்துகொண்டனர்.

ஆகவே என் விதித்தாளில் இரண்டு விதிகளைச் சேர்த்தேன். தானியம் செல்லாத ஒவ்வொரு சுற்றுக்கும் நார்வேயின்மேல் கரிபூசிய புளியங்கொட்டை ஒன்று வைக்கவேண்டும். நார்வேயை யார் கைவிடுகின்றாரோ அவரே அதுமுதல் நார்வேயாகவும் அமர்ந்து ஆடவேண்டும். கரிக்கொட்டைகள் யாவும் அப்பொழுது அவர்தம் படையாகும்.

அண்ணன் வெகுண்டார். ஆட்டத்தின் நிறைகோல் கெட்டுவிடும் என்றார். கொடுப்பவன் இழக்கவேண்டுமேயன்றி வேறோர் உருவில் எழுந்து வரலாகாது என்றார். "அண்ணா, அப்படித்தானே நடந்தது" என்றேன். "நடந்ததையெல்லாம் விதியாக்கினால் ஆட ஒன்றும் இராது" என்றார். அவர் கூற்றிலும் நியாயமுண்டு என்பதை மறுக்கவில்லை. ஐந்து நாள் எங்களுக்குள் பேச்சில்லை. உணவுக்கூடத்தில் அவர் வேறு மேசையில் அமர்ந்தார். ஆறாம் நாள் தாமாகவே அட்டையைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்து, "இம்முறை டென்மார்க்கு எனக்கு" என்றார். பதினோராம் சுற்றில் பொருள்வற்றி நார்வேயை எனக்குக் கொடுத்தார். கரிக்கொட்டைகள் ஏழு. அவற்றைத் தம் முன்னே வரிசையாய் வைத்து நெடுநேரம் பார்த்தார். பின் விளக்கணைக்கும் மணி அடித்தும் எழாமல், அந்த ஏழு கொட்டைகளைக்கொண்டு தம் டென்மார்க்கைக் காத்ததினும் கடுமையாய்ப் போராடினார். விதியைப் பற்றி அவர் பிறகு ஒன்றும் பேசவில்லை, தாளில் அடிக்கவுமில்லை.

தரங்கம்பாடிக்கு விதி எழுத முயன்றேன், ஒன்றும் கூடவில்லை. அதனிடம் படையில்லை, எய்ட்ஸ்வோலில் கூடியவர் போன்று கூடுதற்கு அதற்கு இடம் கொடுத்தவருமில்லை. மேலும் படித்தபோது வேறொன்றும் அறிந்தேன். நார்வேயில் முடிதுறந்த அதே கிறிஸ்தியான் பிரடெரிக்கு 1839-இல் எட்டாம் கிறிஸ்தியான் என்னும் பெயரால் டென்மார்க்கின் அரசரானார். தரங்கம்பாடி ஆங்கிலக் கம்பெனியாருக்கு விலைக்கு விற்கப்பட்டது 1845-இல், அவருடைய ஆட்சியிலேயே.

அக்கட்டத்திலிருந்த "மதிப்பு 1" என்பதைச் சுரண்டிவிட்டேன். அட்டை அவ்விடத்தில் சற்றுத் தேய்ந்து வெளுத்திருக்கின்றது. புதிதாய் ஆட வருகின்றவர்கள் அதைச் சுட்டி, இதன் விலை என்ன என்று கேட்கின்றனர். அண்ணன் என்னைப் பார்க்கின்றார். யான் சீட்டுகளைக் கலைத்துக்கொண்டிருக்கின்றேன்.