வானத்துக்கும் வட்டி உண்டு



சாரத்தில் எங்கள் இரவுப் படிப்பகத்துக்கு வரும் தம்பி ஒருவன், சென்ற மாதம் ஒரு வழவழப்பான துண்டறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். வெளிநாட்டில் விமானி பயிற்சி, முடித்ததும் அங்கேயே ஒரு சிறு விமான நிறுவனத்தில் துணை விமானி வேலை. பயிற்சிக்கு 45 லட்சம், குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சிக்கு 15 லட்சம். மொத்தம் 60 லட்சம். சம்பளம் தொடக்கத்தில் மாதம் 1,500 டாலர். மூன்று ஆண்டு ஒப்பந்தம். நடுவில் விலகினால் அபராதம்.

அப்பா கொத்தனார். அம்மா வீட்டு வேலை செய்கிறார். இருப்பது பட்டா உள்ள ஒன்றரை சென்ட் வீடு. "அதை வச்சா பேங்க்ல லோன் கிடைக்கும்னு ஏஜென்ட் சொல்றாருண்ணே" என்றான்.

எங்களில் சிலருக்கு உடனே வாயில் வந்தது, "நமக்கெதுக்குடா இதெல்லாம்?" நல்லவேளை, யாரும் சொல்லவில்லை. அந்தச் சொல்லைத்தான் நம் அப்பன் பாட்டன் காலம் முழுக்கக் கேட்டிருக்கிறோம். இலாசுப்பேட்டை விமான நிலையம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். 2024 டிசம்பரிலிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போகும் ஏடிஆர் விமானத்தை மொட்டைமாடியில் நின்று பார்த்து வளரும் பிள்ளைக்கு, அதை ஓட்ட ஆசை வரக்கூடாதா? ஒடிசாவின் மல்கான்கிரியில் ஒரு காவலரின் மகளான அனுபிரியா லக்ரா 2019-இல் விமானி ஆனார். பழங்குடிப் பெண் ஆகும்போது சாரத்துப் பையன் ஏன் ஆகக்கூடாது?

ஆகவே ஆசையைக் கேள்வி கேட்கவில்லை. கணக்கைக் கேட்டோம்.

60 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்கு வாங்கினால், மாதத் தவணை ஏறக்குறைய 68,000 ரூபாய். 1,500 டாலர் என்பது சுமார் ஒன்றேகால் லட்சம். அயல்நாட்டில் வாடகை, சாப்பாடு, விசா, ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் போனால் மிச்சம் ஐந்நூறா, ஆயிரமா? படிக்கும் இரண்டு ஆண்டில் ஏறும் வட்டியே 13 லட்சம். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வேலை ஆறு மாதம் தள்ளிப்போனால் வீடு போகும்.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணியோடு நிற்பவர்கள் ஏராளம். அனுபவ மணி இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் மணி ஏறாது. இந்த இடுக்கில்தான் குறைந்த சம்பள வேலைகள் விலை போகின்றன. சில நாடுகளில் வேலை செய்யும் மணிக்கு விமானியே காசு கட்டிய கதையும் உண்டு. பணக்கார நாட்டிலும் இதுதான். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானியின் தவறான கையாளுகையே காரணம் என்றது விசாரணை. அதே விசாரணையில்தான் துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்ற செய்தியும் வெளியே வந்தது. இங்கே 2012-இல் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட் என்று ஒவ்வொன்றாக நின்றபோது, கடன் வாங்கிப் படித்தவர்களின் தவணை நிற்கவில்லை.

சொத்துள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது இரண்டு வருடச் சிரமம். அப்பா தாங்குவார். நம் பிள்ளைக்கு விழுந்தால் பிடிக்க ஆள் இல்லை. ஒரே கட்டணம், ஒரே தேர்வு என்பதால் சமவாய்ப்பு ஆகிவிடாது.

அண்ணல் அம்பேத்கரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் 1913-இல் கொலம்பியா போனார். பரோடா அரசு மாதம் பதினொன்றரை பவுன் உதவித்தொகை கொடுத்தது. படித்து வந்து பத்து ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அது அரசு கொடுத்த பணம், வீட்டை வைத்து வாங்கிய கடன் அல்ல. அப்படிப் படித்துத் திரும்பியவருக்கே 1917-இல் பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். 2025 ஜூனில் ஆதிதிராவிடர் வகுப்பைச் சேர்ந்த பயிற்சி விமானி ஒருவர், 'விமானம் ஓட்ட லாயக்கில்லை, போய் செருப்பு தை' என்று மேலதிகாரிகள் தன்னை இழிவுபடுத்தியதாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தார். நிறுவனம் அதை மறுத்திருக்கிறது. வழக்கு என்னவாகிறதோ, உரிமம் கையில் வந்தால் சாதி போய்விடும் என்று நாம் நம்பத் தேவையில்லை.

அரசு என்ன செய்கிறது? பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் விமானி பயிற்சிக்கும் இடம் உண்டு. குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். இன்னொரு மத்தியத் திட்டத்தில் தனியார் பறக்கும் பயிற்சி மன்றங்களுக்கு ஆண்டுக்கு 3.72 லட்சம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 45 லட்சத்துக்கு எதிரே 3.72 லட்சம்! கதவு இருக்கிறது, ஏணிதான் இல்லை. கேரளத்தில் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி விமான அகாடமியில் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மாநில அரசே பணம் கட்டுகிறது. அதைப் புதுச்சேரியும் செய்யலாம். அதோடு இங்கே நமக்கு இன்னொரு முள்ளும் உண்டு: 1964 ஆணையை வைத்து 'பூர்வீகம்', 'குடிபெயர்ந்தோர்' என்று நம்மையே இரண்டாகப் பிரிக்கும் சான்றிதழ். தம்பியின் தாத்தா விழுப்புரத்திலிருந்து வந்தவர்.

மூன்று இரவு பேசினோம். கடைசி நாள் அவன் அம்மாவும் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவன் பறக்கட்டும்ப்பா. நாங்க ரோட்டுக்கு வராம பறக்கட்டும்."

முடிவு இதுதான். வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கும். முதலில் மருத்துவத் தகுதிச் சோதனை. கண்ணோ காதோ தடை என்றால் 60 லட்சத்துக்குப் பிறகு தெரிவதைவிட இப்போதே தெரியட்டும். அடுத்து, கல்லூரியில் படித்துக்கொண்டே வழிகாட்டல், வானிலை, விமான விதிமுறைத் தேர்வுகளை எழுதுவது. அதற்குப் பறக்க வேண்டாம், புத்தகம் போதும். அதைப் படிப்பகம் வாங்கித் தரும். மூன்றாவது, அமேதி அருகே ஃபர்சத்கஞ்சில் உள்ள அரசு உரான் அகாடமியின் நுழைவுத் தேர்வு. நான்காவது எங்கள் வேலை: கேரளத்தைப் போல முழுக் கட்டணத்தை ஏற்கும் திட்டம் வேண்டும் என்று ஆதிதிராவிடர் நலத்துறைக்கு மனு. எழுதிவிட்டோம். கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு துண்டறிக்கை வந்திருக்கும். 'நமக்கெதுக்கு' என்று கிழிக்காதீர்கள். அதை நம்பிப் பத்திரத்தையும் நீட்டாதீர்கள். சம்பளம் எவ்வளவு, தவணை எவ்வளவு, அந்த உரிமத்தை இங்கே மாற்ற மறுபடி எந்தத் தேர்வு எழுத வேண்டும், ஒப்பந்தத்தை உடைத்தால் எவ்வளவு என்று நாலு கேள்வி எழுதி, ஏஜென்டிடம் பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

ஜெய் பீம்.